செவில் நகரத்து அர்ச். இசிதோர் மேற்றிராணியார்

உலகில் அறிவு வளர்ந்த வரலாற்றை ஆராயுமிடத்து, புதியன கண்டு பெயர்பெற்றோரையே நாம் பெரும்பாலும் போற்றுகின்றோம். பழையன அழியாவண்ணம் காத்துப் பின்வந்தோர் கையில் ஒப்புவித்தோரை அத்துணை நினைப்பதில்லை. வயலில் அமோகமாய் விளைவித்தவன் புகழப்படுகின்றான். பஞ்சகாலத்தில் தன் பசியையும் அடக்கி விதைநெல்லை வைக்கோற் கோட்டையிற் கட்டிக் காத்தவன் மறக்கப்படுகின்றான். ஆயினும், அவன் காத்த விதைநெல் இல்லையேல், மறு ஆண்டு விளைவு எங்ஙனம் உண்டாகும்? அத்தகைய விதைநெற் காவலர் ஒருவருடைய சரித்திரத்தையே ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

அவர் யாரெனில், ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரத்தில் ஏறக்குறைய 600-ஆம் ஆண்டு முதல் 636-ஆம் ஆண்டு வரை மேற்றிராணியாராய் விளங்கிய அர்ச். இசிதோர் ஆவர். கத்தோலிக்கத் திருச்சபையில் வேதபாரகர் என்னும் பட்டம் பெற்றோருள் அவரும் ஒருவர். ஐரோப்பிய மாணவர்கள் பல நூற்றாண்டுகளாக எந்நூலைக் கையிற்கொண்டு உலகப் பொருள்களின் பெயரும் இயல்பும் கற்றனரோ, அந்நூலின் ஆசிரியரும் அவரே.

காலத்தின் நிலை

இசிதோர் பிறந்தது ஏறக்குறைய 560-ஆம் ஆண்டு. மேற்றிசை உரோமைப் பேரரசின் கடைசிச் சக்கரவர்த்தி சிங்காசனத்தினின்றும் நீக்கப்பட்டதோ 476-ஆம் ஆண்டு. ஆகவே, அவர் கண்விழித்த உலகம் இடிந்துபோன மாளிகையொன்றன் முற்றம் போன்றிருந்தது. உரோமர் அமைத்த பாதைகளும் பாலங்களும் நின்றன. அவற்றை அமைத்த அரசு இல்லை. லத்தீன் மொழி வழங்கிற்று. அதனைப் பிழையறக் கற்பிக்கும் பள்ளிகள் அருகிவந்தன. கிரேக்க மொழியறிந்தோர் மேற்றிசையில் மிகச் சிலரே. அக்காலத்தில் அச்சுப்பொறி இல்லையென்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். நூல்களெல்லாம் பதப்படுத்திய தோலில் ஒவ்வோரெழுத்தாகக் கையால் எழுதப்பட்டவை. படியெடுப்போர் இல்லாத நூல், புழுவுக்கும் ஈரத்துக்கும் தீக்கும் இரையாகி ஒழியும். ஒரு நூலைப் படியெடுக்க யாரும் விரும்பாமற்போவதே அந்நூலுக்கு மரணமாம்.

ஸ்பெயினை அப்போது ஆண்டவர் விசிகோத்தர் என்னும் ஜெர்மானியக் குலத்தவர். 410-ஆம் ஆண்டில் உரோமை நகரையே கொள்ளையிட்டவர் இவர்களுடைய முன்னோர். அலெக்சாந்திரியா நகரத்துக் குருவாகிய ஆரியுஸ் என்பவர், சுதனாகிய சர்வேசுரன் பிதாவுக்குச் சமமானவரல்லர் என்று 4-ஆம் நூற்றாண்டிற் போதித்த கொள்கையை விசிகோத்தர் தழுவியிருந்தனர். ஆளப்பட்ட குடிகளோ கத்தோலிக்கர். எனவே, அரசனுக்கும் குடிகளுக்கும் இனமும் வேறு, வேதமும் வேறாய் நின்றன. இதற்கிடையே, கீழ்த்திசை உரோமைச் சக்கரவர்த்தி யுஸ்தினியானின் படைகள் ஏறக்குறைய 552-ஆம் ஆண்டிலே ஸ்பெயின் தேசத்துத் தென்கீழ்க் கரையைக் கைப்பற்றிக்கொண்டன. அப்பகுதியிலுள்ள கார்த்தகேனா என்னும் துறைமுகப் பட்டணமே இசிதோருடைய தந்தையார் செவெரியானுஸ் என்பாரின் சொந்த ஊர்.

பிறப்பும் இளமையும்

அக்குடும்பம் தன் ஊரைவிட்டு அகதியாய்ச் செவில் நகரஞ் சேர்ந்தது. பிள்ளைகள் நால்வர்: மூத்தவர் லெயாந்தர், அடுத்து, பின்னாளில் எசிகா என்னும் ஊருக்கு மேற்றிராணியாரான புல்கென்சியுஸ், கன்னியாஸ்திரீயான புளோரெந்தீனா, யாவர்க்கும் இளையவர் இசிதோர். நால்வரையும் திருச்சபை அர்ச்சியசிஷ்டராக வணங்குகின்றது. ஒரு வயிற்றிற் பிறந்த நால்வருக்கும் இப்பேறு வாய்ப்பது அரிது.

பெற்றோர் இசிதோருடைய இளம்பிராயத்திலேயே காலமாயினர். தமையனார் லெயாந்தரே அவருக்குத் தந்தையும் குருவும் ஆயினார். லெயாந்தர் தம் சகோதரிக்கு எழுதிய ஞானநூலொன்றன் இறுதியில், பெற்றோர் தங்கள் சிறு தம்பியைத் தேவ பராமரிப்பிலும் உடன்பிறந்தார் கையிலும் விட்டுச்சென்றதை நினைப்பூட்டி, அவனை மறவாதிருக்கும்படி உருக்கமாய்க் கேட்டுக்கொள்கின்றார். பேரறிஞரென உலகம் போற்றும் ஒருவர், தாயற்ற சிறுவனாய் அக்காளுடைய அன்பை நம்பியிருந்த நிலையை இவ்வரிகளிற் காண்கின்றோம்.

இசிதோருடைய கல்வியைப்பற்றிப் பிற்காலத்தார் வழங்கிய கதை ஒன்று உண்டு. சிறுவர் பாடம் வாராமையினாலும் ஆசிரியரின் கண்டிப்பினாலும் மனமுடைந்து பள்ளியைவிட்டு ஓடிப்போய், வழியில் ஒரு கிணற்றருகே உட்கார்ந்தாராம். கிணற்றுக் கல்லில் ஆழ்ந்த வடுக்கள் இருத்தலைக் கண்டு, இவை எங்ஙனம் உண்டாயின என்று தண்ணீர் மொள்ள வந்த ஒரு பெண்ணை வினவ, நாள்தோறும் கயிறு உராய்தலால் உண்டாயின என்று அவள் விடைபகர்ந்தாளாம். மெல்லிய கயிறு வல்லிய கல்லை அறுக்குமாயின், இடைவிடாப் பயிற்சி என் மந்தபுத்தியை அறுக்காதோ என்று தேறிச் சிறுவர் பள்ளிக்கு மீண்டாராம். இது பின்னாளில் எழுந்த கதையேயன்றிச் சரித்திரமன்று. ஆயினும், எறும்பூரக் கல்லும் தேயும் என்னும் பழமொழியை அறிந்த நமக்கு இக்கதையின் கருத்து புதிதன்று. அவர் இயற்றிய நூல்களின் தொகையைக் காண்போர், இக்கதை அவர்மேல் ஏற்றப்பட்டதன் காரணத்தை எளிதில் உணர்வர்.

அவர் வாலிபராயிருந்த காலத்தில் நாட்டில் பெருங்கலகம் மூண்டது. லியோவிகில்து அரசனுடைய மூத்த குமாரன் ஹெர்மெனெகில்து, செவில் நகரில் வசித்தபோது கத்தோலிக்க வேதத்தைத் தழுவி, 579-ஆம் ஆண்டில் தந்தைக்கு எதிராக எழும்பினான். தந்தை படையெடுத்து வந்து நகரை முற்றுகையிட்டுப் பிடித்தான். மகன் சிறைப்பட்டு 585-ஆம் ஆண்டிற் கொலையுண்டான். மறு ஆண்டே லியோவிகில்தும் இறக்க, இளைய குமாரனாகிய ரெக்காரெது அரசனாகி, 587-ஆம் ஆண்டிற் கத்தோலிக்கனானான். 589-ஆம் ஆண்டு தலைநகராகிய தொலேதோவில் மூன்றாஞ் சங்கம் கூடி, விசிகோத்த குலம் முழுவதும் கத்தோலிக்கத் திருச்சபையிற் சேர்ந்ததை வெளிப்படுத்தியது. அச்சங்கத்தின் முடிவில் மகிழ்ச்சிப் பிரசங்கம் நிகழ்த்தியவர் லெயாந்தரே. பின்னாளில் பாப்பரசரான பெரிய கிரகோரியார், கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரில் லெயாந்தரோடு பழகியவர். யோபு ஆகமத்துக்குத் தாம் இயற்றிய பெரிய விளக்கத்தை லெயாந்தருக்கே உரிமையாக்கினார். இத்தகைய தமையனிடத்துக் கல்வி கற்றவர் இசிதோர்.

மேற்றிராணியார் பதவி

ஏறக்குறைய 600-ஆம் ஆண்டில் லெயாந்தர் உயிர்நீத்தபின், இசிதோர் அவருடைய ஆசனத்தில் ஏறினார். அப்பதவியில் அவர் கழித்த 36 ஆண்டுகளில் ஸ்பெயினில் அரசர் பலர் மாறினர். சிலர் கொலையுண்டும் சிலர் பதவியிழந்தும் போயினர். நிலையாய் நின்றது திருச்சபையின் ஆட்சியே. ஆதலின், மேற்றிராணியார் ஆலயகாரியங்களோடு நில்லாது, நீதி, கல்வி, ஏழைகளின் பாதுகாப்பு முதலிய யாவற்றையும் கவனிக்கவேண்டியவரானார்.

619-ஆம் ஆண்டில் செவில் நகரத்திலும், 633-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தொலேதோவிலும் கூடிய சங்கங்களுக்கு இசிதோரே தலைமை வகித்தார். தொலேதோ நான்காஞ் சங்கம் எனப்படும் பின்னது, அறுபதுக்கு மேற்பட்ட மேற்றிராணிமார் கூடிய பெருஞ்சபை. அது 75 விதிகளை ஏற்படுத்தியது. தேசமெங்கும் ஒரே முறையாகத் திவ்விய பூசையும் ஜெபங்களும் நடைபெறல் வேண்டும் என்பது ஒன்று. அறியாமையே தவறுகளெல்லாவற்றிற்கும் தாய். ஆதலின் குருமார் அதனை முக்கியமாய் விலக்கவேண்டும் என்பது மற்றொன்று. குருப்பட்டத்துக்குப் பயிலும் இளைஞர் ஒரே இல்லத்தில், ஒழுக்கமும் அறிவும் வாய்ந்த முதியவர் ஒருவருடைய கண்காணிப்பில் வாழ்ந்து கற்கவேண்டும் என்பது இன்னொன்று. நியாயாதிபதிகளும் பலவான்களும் ஏழைகளை ஒடுக்கக் கண்டால், மேற்றிராணிமார் முதலில் அவர்களைக் கண்டிக்கவும், திருந்தாவிடின் அரசனுக்கு அறிவிக்கவும் வேண்டும் என்றும், உயிர்த்தண்டனைக்குரிய வழக்கில் அரசன் தனித்து நின்று தீர்ப்பிடலாகாது என்றும் அச்சங்கம் விதித்தது. வாளே சட்டமாயிருந்த காலத்தில் இவ்விதிகள் எழுதப்பட்டன என்பதை எண்ணும்போதுதான் அவற்றின் பெருமை விளங்கும்.

இசிதோர் துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு நூலும் இயற்றினார். அதில் நூல்களைப்பற்றி அவர் விதித்துள்ள முறை, புத்தகசாலையை நேசிக்கும் மாணாக்கர்க்கு இன்பந் தரும். மடத்து நூல்களெல்லாம் ஒருவர் பொறுப்பில் இருக்கும். சகோதரர் ஒவ்வொருவரும் நாள்தோறும் முதல் மணி வேளையில் ஒரு நூலைக் கேட்டுப் பெறவேண்டும். மாலை ஜெபத்துக்குப்பின் அதைத் திருப்பி ஒப்புவித்துவிடவேண்டும். தம்முடைய சொந்த நூல்நிலையத்துக்கும் அவர் சிறு செய்யுட்கள் இயற்றினார். அவை நூலாசிரியர்களைப் புகழ்வன; நூலெழுதும் இடத்தில் வீண்பேச்சுப் பேசுவோரை வெளியே போகச்சொல்வதும் அவற்றுள் உண்டு. புத்தகசாலையில் அமைதி காக்கவேண்டும் என்னும் எச்சரிக்கை நம் காலத்துப் புதுமையன்று போலும்! வாய்விட்டுப் படித்தல் வழக்கமாயிருந்த அந்நாளிலே, குரலெழுப்பாது படிப்பதே மனத்துக்கு நன்கு விளங்கும் என்று அவர் எழுதியிருப்பதும் கருதற்பாலது.

இருபது புத்தகங்கள்

இசிதோர் வேதாகம விளக்கங்கள், திருச்சபைச் சடங்குகளின் வரலாறு, கோத்தர் சரித்திரம், பிரசித்திபெற்ற நூலாசிரியர் சரித்திரம், இயற்கைப் பொருள்களைப் பற்றிய நூல் முதலிய பலவற்றை எழுதினார். எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது ஒரு பெருநூலே. அதற்கு லத்தீனில் 'எதிமொலோகியே' என்று பெயர். சொற்பிறப்பு நூல் எனத் தமிழிற் கூறலாம். பொருள்தோறும் பெயர்களைத் தொகுத்துரைக்கும் நம் நிகண்டுகளைப் பயின்றோர்க்கு அதன் அமைப்பு ஒருவாறு விளங்கும். ஆயினும் அது பெயரோடு நில்லாது, அப்பெயர் வந்த காரணத்தையும் அப்பொருளின் இயல்பையும் கூறிச் செல்லும்.

அது 20 புத்தகங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதல் மூன்றும் இலக்கணம், அணி, தருக்கம், எண்ணூல், க்ஷேத்திர கணிதம், சங்கீதம், வானநூல் ஆகிய ஏழு கலைகளைப் பற்றியவை. நான்காவது வைத்தியம், ஐந்தாவது சட்டங்களும் காலப் பகுப்பும், ஆறாவது நூல்களும் திருச்சபைச் சடங்குகளும், ஏழாவதும் எட்டாவதும் சர்வேசுரன், சம்மனசுகள், திருச்சபை, பதிதங்கள் ஆகியவற்றைப் பற்றியவை. ஒன்பதாவதில் மொழிகள், குலங்கள், அரசுகள், உறவுமுறைகள் கூறப்படும். பத்தாவது ஓர் அகராதி. பின்னுள்ள பத்தில் மனித தேகம், விலங்குகள், பூமி, கடல், நகரங்கள், வயல்கள், கற்கள், உலோகங்கள், உழவு, போர், விளையாட்டு, கப்பல், ஆடை, உணவு, அடுக்களைப் பாத்திரம், குதிரைச் சேணம் வரையில் யாவும் இடம்பெறும். சர்வேசுரனுடைய திருநாமங்களை ஆராய்ந்த கையே குடியானவனுடைய மண்வெட்டியின் பெயரையும் ஆராய்கின்றது. சிருஷ்டிக்கப்பட்ட எப்பொருளும் அறிவுக்குத் தகாத அற்பப் பொருளன்று என்பது அவர் கருத்துப் போலும்.

சொற்களுக்கு அவர் கூறும் காரணங்களுட் சில இக்கால மொழிநூலாரும் ஒப்புக்கொள்வன, பல வெறுங்கற்பனை. மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ' என்னும் சொல், மண்ணைக் குறிக்கும் 'ஹுமுஸ்' என்பதோடு தொடர்புடையது என்றார், இது பொருந்தும். தேனீக்களுக்கு 'ஆபெஸ்' என்று பெயர் வந்தது, அவை கால்களில்லாமற் பிறத்தலால் என்றார், இது பொருந்தாது. நண்பனாகிய 'அமீகுஸ்' ஆன்மாவின் காவலன் என்றும், எழுத்துக்களாகிய 'லித்தெரே' படிப்போர்க்கு வழிகாட்டுவன என்றும் கூறினார். இவை மொழிநூலுக்கு ஒவ்வாவிடினும் அறநூலுக்கு ஒக்கும். அரசனாகிய 'ரேக்ஸ்' என்னும் பெயர், செம்மையாய் நடத்தலினின்று வந்தது. செம்மை தவறினால் அப்பெயரும் அவனுக்கில்லை என்றார். ஒரு சொல்லின் மூலத்தைக் கூறுமாப்போலே அரசர்க்கு அவர் புகட்டிய பாடம் இது.

அக்காலத்து வழக்கங்களை நாம் அறிதற்கும் இந்நூல் துணைசெய்கின்றது. எழுத்தாளனுக்குரிய கருவிகள் நாணலும் இறகும் என்று அவர் கூறுவது, இறகினால் எழுதும் வழக்கத்தைக் குறிக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று. இறகின் நுனி இரண்டாய்ப் பிளந்திருப்பது பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் குறிக்குமென அதற்கு ஞானப்பொருளும் கூறுகின்றார். வாக்கியத்தின் சிறு பிரிவுக்கு வரியின் அடியிலும், அதனிற் பெரிய பிரிவுக்கு நடுவிலும், முடிவுக்கு மேலுமாகப் புள்ளியிடும் முறையைக் கற்பிக்கின்றார். இசையோசைகளை எழுதிவைத்தல் இயலாது. நினைவில் வைத்தாலன்றி அவை அழிந்துபோம் என்கின்றார். மேற்றிசையார் இன்று வழங்கும் இசைக் குறியீடு அப்போது தோன்றவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இந்நூல் முற்றுப்பெற்ற வரலாறும் சுவையானது. இதனை எழுதித்தரும்படி வேண்டியவர், அவருடைய அன்புக்குரிய பிரவுலியோ என்பவர். இவர் 631-ஆம் ஆண்டில் சரகோசா நகரத்துக்கு மேற்றிராணியாரானார். இருவரும் ஒருவர்க்கொருவர் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. நான் கேட்கத்தொடங்கி ஏழாண்டு ஆகின்றதே, இன்னும் தரவில்லையே என்று பிரவுலியோ உரிமையோடு கடிந்தெழுதுகின்றார். தம்மை அரசன் அழைத்தமையால் சென்றுவிட்டு மீண்டபோது, பிரவுலியோவின் கடிதம் காணாமற்போயிற்று என்று இசிதோர் சமாதானங் கூறுகின்றார். முடிவில், நோயினால் தாம் சரிபார்க்க இயலாத ஏட்டை அப்படியே அனுப்பி, பிழைகளைத் திருத்தும்படி சீடரையே வேண்டிக்கொள்கின்றார். அதனை 20 புத்தகங்களாகப் பகுத்து ஒழுங்குபடுத்தியவர் பிரவுலியோவே. உலகப் பொருள்களையெல்லாம் ஒரு நூலில் அடக்கமுயன்ற பேராசிரியர், தம் நூலைத் திருத்தும் உரிமையைத் தம்மினும் இளையவர்க்குக் கொடுத்தது அவருடைய தாழ்மைக்குச் சான்றாம்.

இந்நூலில் இசிதோர் தாமாகக் கண்டறிந்தது மிகக் குறைவு என்பர் சிலர். அது மெய்யே. பிளினி, செர்வியுஸ், அர்ச். அகுஸ்தீன், கசியோதோருஸ் முதலிய முன்னோர் நூல்களினின்றும், அவற்றைச் சுருக்கிய சிறு நூல்களினின்றும் அவர் எடுத்துக் கோத்தவையே மிகுதி. முன்னோர் கூறிய பிழைகளையும் ஆராயாது ஏற்றுக்கொண்ட இடங்கள் பல. ஆயினும், அவர் கையாண்ட பழைய நூல்களுட் சில பின்னர் அடியோடு அழிந்தன. அவற்றின் துணுக்குகள் அவர் நூலிலேயே எஞ்சியுள்ளன. தீப்பற்றிய வீட்டினின்றும் பொருள்களை வெளியே எடுப்பவன், ஒவ்வொன்றின் மாற்றையும் உரைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. எடுத்தது பொன்னோ பித்தளையோ, விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அறிவும் நீதியும்

இனி, இப்பெரியார் சரித்திரத்தில் மறைக்கவொண்ணாத ஒரு பகுதியைக் கூறவேண்டும். அர்ச்சியசிஷ்டர் சரித்திரம் எழுதுவோர் அவர்தம் புகழை மட்டும் கூறுதல் வழக்கம். ஆயினும், உண்மையை நேசித்த ஒருவரை உண்மையினாலேயே கௌரவித்தல் தகும்.

612 முதல் 621-ஆம் ஆண்டு வரை ஆண்ட சிசெபுத் அரசன் கல்விமான். இசிதோர் தமது இயற்கைப் பொருள் நூலை அவனுக்கே உரிமையாக்கினார். அவனும் கிரகணத்தைப்பற்றி ஒரு லத்தீன் செய்யுள் இயற்றி அவருக்கு அனுப்பினான். அத்தகைய கல்விமானே, ஏறக்குறைய 616-ஆம் ஆண்டில், தன் நாட்டிலுள்ள யூதர் அனைவரும் ஞானஸ்நானம் பெறவேண்டுமென்று கட்டாயப்படுத்தினான். பலர் நாட்டைவிட்டு ஓடினர். பலர் அச்சத்தினால் இணங்கினர். இசிதோர் இதனை ஒப்பவில்லை. அரசனுக்குப் பக்தி வைராக்கியம் இருந்தது, ஆனால் அது அறிவோடு கூடியதன்று; நியாயங் காட்டி அழைக்கவேண்டியவரை அதிகாரத்தினால் வற்புறுத்தினான் என்று தம் கோத்தர் சரித்திரத்தில் எழுதினார். 619-ஆம் ஆண்டுச் செவில் சங்கத்தில், சீரிய தேசத்தினின்றும் வந்த பதித மேற்றிராணியார் ஒருவரை வாதத்தினாலேயே மனந்திரும்பச் செய்தமையால், நியாயமே வழி என்பதை அவர் செய்கையிலும் காட்டியவராவர்.

633-ஆம் ஆண்டுத் தொலேதோ சங்கம், இனி எவரையும் விசுவசிக்கும்படி பலவந்தஞ் செய்யலாகாது என்று விதித்தது. இம்மட்டில் நின்றிருந்தால் அது மாசற்ற புகழாயிருக்கும். ஆயின் அதே சங்கம், சிசெபுத் காலத்திற் பலவந்தத்தினால் ஞானஸ்நானம் பெற்றோர் கிறிஸ்துவர்களாகவே நிலைத்திருக்கவேண்டும் என்றும், யூதர்களுடைய பிள்ளைகளைப் பெற்றோரினின்றும் பிரித்து மடங்களிலாவது கிறிஸ்துவக் குடும்பங்களிலாவது வளர்க்கவேண்டும் என்றும், யூதர் அரசாங்க உத்தியோகம் வகிக்கலாகாது என்றும் விதித்தது. தாய்தந்தையரை இளமையில் இழந்து உடன்பிறந்தார் அன்பினால் வளர்ந்த இசிதோர் தலைமை வகித்த சபையிலேயே, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் விதி எழுதப்பட்டதை எண்ண நெஞ்சம் நோகின்றது. பின்வந்த அரசர் காலத்தில் யூதர்மேல் விதிகள் மேன்மேலுங் கடுமையாகி, 694-ஆம் ஆண்டில் அவர்களை அடிமைகளாக்கும் தீர்மானத்தில் முடிந்தன.

அரசியலிலும் இத்தகைய இடர் அவருக்கு நேர்ந்தது. சுவிந்திலா அரசனை ஏழைகளுக்குத் தந்தையெனத் தம் சரித்திர நூலிற் புகழ்ந்தவர் இசிதோர். 631-ஆம் ஆண்டில் சிசெனாந்து என்பவன் பிராங்கியருடைய துணையால் அவனைத் தள்ளிவிட்டு அரசைக் கைப்பற்றினான். இரண்டாண்டுக்குப்பின் இசிதோர் தலைமை வகித்த தொலேதோ சங்கம், தன் முன் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து ஜெபம் வேண்டிய சிசெனாந்துவை ஏற்றுக்கொண்டு, சுவிந்திலாவைக் குற்றவாளியென விலக்கியது. கலகங்களால் நைந்த நாட்டில் சமாதானத்தை வேண்டியே மேற்றிராணிமார் இதற்கு இசைந்தனர் போலும். ஆயினும் அரண்மனையோடு நெருங்கி நிற்பவர், அரண்மனையின் நிழல் தம்மேல் விழாமற் காத்துக்கொள்ளுதல் அரிது என்பதை இது காட்டுகின்றது.

பலவந்தத்தை விலக்கிய அந்த விதியும், அதனோடு சேர்ந்த கடுமையும் ஒருங்கே பிற்காலத்தார்க்குச் சென்றன. ஏறக்குறைய 1140-ஆம் ஆண்டில் கிராசியன் என்பவர் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுதியில் இவ்விதி இடம்பெற்றது. மனச்சாட்சியை வற்புறுத்தலாகாது என்னும் தத்துவம் முழு வடிவம் பெறுதற்கு நெடுங்காலஞ் சென்றது. 1965-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேத விஷயத்தில் எவரையும் எவரும் கட்டாயப்படுத்தலாகாது என்று வெளிப்படையாய் அறிவித்தது. இசிதோர் ஓரடி எடுத்துவைத்து நின்ற வழியில், திருச்சபை பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து நடந்து சேர்ந்தது எனலாம்.

இறுதி நாட்கள்

இசிதோருடைய மரணத்தை ரெதெம்ப்துஸ் என்னும் குருகுலத்தார் ஒருவர் எழுதிவைத்துள்ளார். தமக்கு முடிவு அணுகுகின்றதென உணர்ந்த இசிதோர், பல மாதம் நாள்தோறும் ஏழைகளுக்குத் தருமம் வழங்கினார். அவர் வீடு காலை முதல் மாலை வரை ஏழைகளால் நிறைந்திருந்தது. நோய் முற்றியபோது, தம்மை அர்ச். வின்சேந்தியாருடைய ஆலயத்துக்குத் தூக்கிச் செல்லும்படி செய்தார். திரளான ஜனங்கள் புலம்பிக்கொண்டு கூடினர். அங்கே இரண்டு மேற்றிராணிமார், ஒருவர் மயிராடையும் மற்றவர் சாம்பலும் அவர்மேல் இட்டனர். நாற்பதாண்டளவு தம் மந்தைக்குப் போதித்த வயோதிகர், அம்மந்தையின் முன்னே கைகளை உயர்த்தித் தாம் பாவியென அறிக்கையிட்டு, தேவ இரக்கத்தை மன்றாடி, திவ்விய நற்கருணை பெற்றார். பிறகு கூடியிருந்த யாவரிடத்தும் தாம் செய்த பிழைகளுக்காக மன்னிப்பு வேண்டினார். தமக்குக் கடன்பட்டோருடைய கடன் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக் கடனை நீக்கினார். கையிலிருந்த எஞ்சிய பணத்தை ஏழைகளுக்குப் பங்கிடச் செய்தார். ஒருவரையொருவர் நேசிக்கும்படி புத்திசொல்லித் தம் அறைக்குத் திரும்பி, சில நாட்களில், 636-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆந் தேதி உயிர்நீத்தார்.

இருபது புத்தகங்களில் எத்தனையோ சொற்களுக்குப் பொருள் கூறியவர், தம் முடிவில் வேண்டியது மன்னிப்பு என்னும் ஒரு சொல்லையே. மேலே கூறிய குறைகளை எண்ணுங்கால், அவர் எல்லோர் முன்னும் மன்னிப்பு வேண்டியது வெறுஞ் சடங்காகத் தோன்றவில்லை.

பின்வந்த புகழ்

இசிதோர் மறைந்து 75 ஆண்டுகளில், 711-ஆம் ஆண்டில், அராபியருடைய படைகள் ஸ்பெயினிற் புகுந்தன. விசிகோத்த அரசு ஒழிந்தது. அதற்குள் அவருடைய நூல் கடல் கடந்துவிட்டது. 7-ஆம் நூற்றாண்டிலேயே அயர்லாந்து தேசத்தார் எழுத்தில் அதன் படிகள் உண்டாயின. இங்கிலாந்தில் 735-ஆம் ஆண்டில் உயிர்நீத்த வணக்கத்துக்குரிய பேதா, தம் இறுதி நாட்களிலும் இசிதோர் நூற்பகுதிகளை வைத்துக்கொண்டு உழைத்தனர். 9-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புல்தா மடத்தைச் சார்ந்த ராபானுஸ் மௌருஸ், அதனை ஆதாரமாய்க்கொண்டே தம் கலைக்களஞ்சியத்தை இயற்றினார். கையெழுத்துப் படிகள் ஏறக்குறைய ஆயிரம் இன்றும் எஞ்சியுள்ளன. அச்சுப்பொறி தோன்றியவுடன், 1472-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அது அச்சேறியது. ஆசியா பாதியும், ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் கால் காலுமாக வட்டத்துள் வரைந்த சிறு படமொன்று அப்பதிப்பில் உண்டு. ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட முதல் உலகப்படம் அதுவே என்பர். இத்தாலியப் பெருங்கவி தாந்தே, மோட்சத்தில் ஞானிகள் ஒளிவீசும் சூரிய மண்டலத்தில் இசிதோரைப் பேதாவோடு சேர்த்து வைத்துப் பாடியுள்ளார்.

அவருடைய திருப்பண்டங்கள் 1063-ஆம் ஆண்டில் செவில் நகரினின்றும் வடக்கே லெயோன் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கு அவர் பெயரால் விளங்கும் ஆலயத்தில் வணங்கப்படுகின்றன. 1722-ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் இன்னொசெந்து பாப்பரசர் அவருக்கு வேதபாரகர் பட்டம் அளித்தார்.

மாணவ நேயர்காள்! கலாசாலையிற் கற்கும் நாம் யாவரும் புதியன கண்டுபிடிப்போமென்பது உறுதியன்று. ஆயின் நம் முன்னோர் அரும்பாடுபட்டுத் தேடிய அறிவைப் பெற்றுக்கொண்டு, குறைவுபடாமல் பின்வருவோர் கையிற் சேர்ப்பது நம்மில் ஒவ்வொருவர்க்கும் இயல்வதேயாம். அர்ச். இசிதோர் அத்தொழிலைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். அவர் காத்த விதையில் பதரும் கலந்திருந்தது. பின்வந்தோர் புடைத்தெடுத்து விதைத்தனர். அறிவைப் பேணுதலோடு, அவ்வறிவு எளியவனுடைய வீட்டுவாயிலில் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதையும் நோக்கவேண்டும் என்பது அவர் சரித்திரம் நமக்கு உணர்த்தும் மற்றொரு பாடம். கற்றவன் தன் கல்வியைப் பிறர்க்கு அளிப்பதும், தன் பிழைக்காகப் பிறர்முன் தலைவணங்குவதும் ஆகிய இவ்விரண்டையும் அப்பெரியாரிடத்துக் கற்றுக்கொள்வோமாக.